படகின் பழைய கம்பளம்

ஹார்பூர்க், ஹம்பேர்க்
12 ஜனவரி 2025

உதயகுமார் அவர்களுக்கு,

இதை மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் தொலைபேசி இலக்கத்தை நான் அழித்துவிட்டேன். உங்கள் வீட்டில் சுகன்யாதேவி அக்காவிடம் கேட்டால் மறுபடி கிடைக்கும். ஆனால் உங்கள் குரலைக் கேட்கிற பலம் எனக்கு இல்லை. அதனால் தாளில் எழுதி அக்காவின் பெயருக்கு அனுப்புகிறேன். நீங்கள் இருக்கிற கிளினிக்குக்கு அவர் கொண்டுவந்து தருவார்.

படகு விஷயம். என் கணவர் பாஸ்கரன் செத்த நாளிலிருந்து அது படகுக் கொட்டகையில் தறப்பாளுக்குக் கீழே கிடக்கிறது. பொலிஸ் சோதித்து முடித்துத் திருப்பித் தந்தும் நாளாகிவிட்டது. கொட்டகைக்காரர் மார்ச் முடிவதற்குள் எடுக்கச் சொல்கிறார். வாங்குகிற எண்ணத்தோடு ஒரு ஜேர்மன்காரர் வந்தார். எஞ்சினைத் தட்டிப் பார்த்து நல்லது என்றார். பிறகு அறைக் கதவைத் திறந்தார். உள்ளே ஒரு கால் வைத்தவர் அப்படியே பின்வாங்கி, இந்தக் கம்பளம் கிடக்கும்வரை இதை யாரும் வாங்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அது என்ன மணம் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. நீங்கள் இருவரும் அந்தக் கம்பளத்தில்தான் சத்தியும் வாந்தியுமாகக் கிடந்தீர்கள்.

ஆள் பிடித்துச் செய்விக்க எனக்கு மனமில்லை. அவர் கிடந்த இடத்தை அந்நியன் ஒருவன் சுருட்டிக் குப்பையில் எறிவதைப் பார்க்க ஏலாது. நானே உரித்து நானே புதிது போடப் போகிறேன். முதியோர் இல்லத்தில் தரையோடு தரையாக வேலை செய்து பழகிய முழங்கால்தான்.

அந்தப் படகை அவருக்கு அடுத்தபடி தெரிந்த ஆள் நீங்கள். எப்படி உரிப்பது, எதைக்கொண்டு ஒட்டுவது என்று எழுதுங்கள். வேறொன்றும் எழுத வேண்டாம். மே மாதம் உங்கள்மேல் உள்ள வழக்கில், நீதிமன்றத்தில் நான் உங்களுக்கு எதிர்ப்பக்கத்தில்தான் இருப்பேன். அதில் மாற்றமில்லை.

றீற்றா பாஸ்கரன்


பீலெஃபெல்ட்
23 ஜனவரி 2025

அன்புள்ள தங்கச்சி றீற்றாவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வலது கை இன்னும் நடுங்குகிறது. இங்கே இரண்டாவது முறையாகச் சேர்த்திருக்கிறார்கள். நாள்தோறும் கையால் எழுத வேண்டும் என்பது வைத்தியம். குழந்தைப் புத்தகத்து வசனங்களைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். இனி இதை எழுதுகிறேன்.

முதலில் படகை இரண்டு மூன்று நாள் திறந்து காய விடுங்கள். ஈரக் கம்பளம் கிழியும், காய்ந்தது உரியும். மூலையில் குறட்டால் பிடித்து, மேலே இழுக்காமல் பின்னுக்கு மடித்து இழுங்கள். உரித்த துண்டை எறிய வேண்டாம். அதைப் புதிய கம்பளத்தின் முதுகில் கவிழ்த்து வைத்துத்தான் அளவு கீற வேண்டும். அந்த அறையில் ஒரு மூலையும் நேராக இல்லை.

கீழே பழைய பசையும் கறுத்த ஸ்பொஞ்சும் ஒட்டிக்கொண்டிருக்கும். பௌமார்க்ட் என்கிற கட்டடச் சாமான் கடையில் சுடுகாற்று ஊதும் கருவி வாடகைக்குத் தருவார்கள். கொஞ்சம் சூடாக்கி, ஸ்பாக்டெல் என்கிற தகட்டால் சுரண்டுங்கள். அவசரப்பட்டு அசிட்டோன் ஊற்ற வேண்டாம், படகின் ஃபைபர் உடலைத் தின்றுவிடும். ஒட்டுப்பலகையைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த இடம் உக்கிவிட்டது, மாற்ற வேண்டும்.

நடுவில் தரைமூடி இருக்கிறது. அதற்குத் துண்டு தனியாக வெட்டுங்கள். பிறகு, கதவுப் படியின் அடியில், சுவர் தரையைத் தொடுகிற இடத்தில், உள்ளங்கை அளவில் பித்தளை வலை ஒன்று இருக்கும். அது காற்றுவழி. கூரையில் உள்ளதற்குச் சோடி; இதால் காற்று உள்ளே வரும், அதால் வெளியே போகும். அதன்மேல் கம்பளத்தை ஏற்றிவிடாமல் சுற்றி வெட்டுங்கள்.

ஒட்டும்போது பாதியை மடித்து வைத்து, ஒரு பாதி ஒட்டி, பிறகு மற்றப் பாதி. பசை மணம் தலைக்கு ஏறும். கதவைச் சாத்தாமல் வேலை செய்யுங்கள்.

வேறொன்றும் எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதவில்லை.

உதயகுமார்


ஹார்பூர்க்
9 பெப்ரவரி 2025

உதயகுமார் அவர்களுக்கு,

என்னைத் தங்கச்சி என்று எழுத வேண்டாம்.

நீங்கள் சொன்னபடி முன்பாதியை உரித்துவிட்டோம். மகள் யதுசா சனி ஞாயிறுகளில், படிக்கிற டுசல்டோர்ஃபிலிருந்து வந்து நிற்கிறாள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பத்தொன்பது வயதுப் பிள்ளை பார்க்கிற இடமா அது? அவள் கேட்கவில்லை. மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு தகட்டால் சுரண்டுகிறாள். கறை கம்பளத்தோடு நிற்கவில்லை, ஸ்பொஞ்சைத் தாண்டிப் பலகைவரை இறங்கியிருக்கிறது. அவள் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சுரண்டினாள். போதும் என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள்.

நீங்கள் எழுதிய பித்தளை வலை அங்கே இல்லை. கதவடிச் சுவரில் கையை வைத்துத் தடவிப் பார்த்தேன், கம்பளம்தான் மேலே ஏறியிருக்கிறது. உங்கள் ஞாபகம் பழுதாகிவிட்டது என்று வைத்தியர் சொன்னதாக என் சட்டத்தரணி முன்பே சொல்லியிருந்தார். யதுசாவிடமும் அதையே சொன்னேன்.

நான் ஒன்று கேட்க வேண்டும். கேட்காமல் இருக்கத்தான் பார்த்தேன். நச்சுவாயு விட்ட அந்த காஸ் ஹீட்டர் உங்கள் வீட்டு நிலவறையில் கிடந்தது. கொண்டுபோனது நீங்கள், கொளுத்தியதும் நீங்கள். செத்த வீட்டில் எல்லோருக்கும் முன்னால் “உங்கட ஹீட்டர்தான் என்ர மனுசனைக் கொண்டது” என்று நான் சொன்னபோது, சக்கர நாற்காலியில் இருந்த நீங்கள் ஒரு சொல் பேசவில்லை. ஏன் பேசவில்லை? அவர் கடைசியாக என்ன கதைத்தார்? வேலைக்குப் போகிற ரயிலிலும் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

றீற்றா


பீலெஃபெல்ட்
18 பெப்ரவரி 2025

றீற்றாவுக்கு,

அன்றைக்கு நான் பேசாததற்குக் காரணம், பேச என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. நீங்கள் சொன்னதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் வேறு விதமாக நினைக்கவில்லை.

தேத்தண்ணீர் குடித்து, நித்திரை வருவதுபோல இருந்ததற்குப் பிறகு எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. கண் திறந்தபோது ஆஸ்பத்திரி. அதற்கு முந்தியது தெளிவாக இருக்கிறது. மத்தியானம் மழை கொட்டத் தொடங்கியது. எல்பே ஆற்றில் கரையோரமாக நங்கூரம் போட்டு உள்ளே வந்தோம். இரண்டு பேருக்கும் முதுகுவரை ஈரம். நான் ஹீட்டரை எடுத்து வைத்துக்கொண்டு, “கீழ காத்து வருதோ?” என்று கேட்டேன். பாஸ்கரன் சட்டையைப் பிழிந்துகொண்டே, “ஓம் ஓம், கொளுத்து” என்றான். கொளுத்தினேன்.

பிறகு அவன் யதுசாவைப் பற்றிக் கதைத்தான். வருகிற கோடையில் அவளுக்குப் படகு ஓட்ட லைசென்ஸ் எடுத்துக் கொடுக்க வேண்டும், தனக்கு வயதானால் அவள்தான் தன்னை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்றான். உங்களைப் பற்றி ஒன்றுதான் சொன்னான். வீட்டுக்கு மீன் கொண்டுபோனால் நீங்கள் ஏசுவீர்களாம், கொண்டுபோகாவிட்டாலும் ஏசுவீர்களாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். உங்களுக்குத் தர என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது.

அந்த வலை இருக்கிறது, றீற்றா. படகு வாங்கிய கோடையில் நாங்கள் இருவரும் அதைக் கழற்றி எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்துப் பூட்டினோம். பொலிஸிடமும் இதைச் சொன்னேன். அவர்கள் பார்த்துவிட்டு அப்படி ஒன்றும் இல்லை என்றார்கள். மூளை பழுதானவனின் கதை என்று அதோடு போயிற்று. அதற்குப் பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் கதவடியில் கம்பளம் சுவரில் ஏறியிருக்கிறது என்று நீங்கள் எழுதியதை வாசித்ததிலிருந்து நித்திரை இல்லை. படகு வாங்கும்போது அது தரையோடுதான் நின்றது. அவன் சாவதற்கு முந்திய குளிர்காலம் நான் ஊருக்குப் போயிருந்தேன். பாஸ்கரன் அப்போது கதவடியில் ஏதோ வேலை செய்ததாகச் சொன்னான். நான் குனிந்து பார்க்கவில்லை.

அந்த இடத்தை உரித்துப் பாருங்கள்.

உதயகுமார்


ஹார்பூர்க்
3 மார்ச் 2025

உதய் அண்ணைக்கு,

வலை இருக்கிறது.

சனிக்கிழமை உரித்தோம். மற்ற இடங்களைப்போல அங்கே பசை மட்டும் இல்லை, சின்ன ஆணிகளும் வரிசையாக அடிக்கப்பட்டிருந்தன. ஆணி அடிக்கிற கை யாருடையது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கட்டிலும் அலுமாரியும் அதே கை செய்தவை. கம்பளம் கழன்று வந்ததும் பின்னால் ஒரு ஸ்பொஞ்சுத் துண்டு விழுந்தது. வலையின் வட்டத்துக்கு அளவாக வெட்டி, இறுக்கி அடைத்திருந்தார். துணி இன்னும் அதில் ஒட்டியிருந்தது. மஞ்சள் நட்சத்திரம் போட்ட துணி. யதுசா சின்னவளாக இருக்கும்போது படுத்த மெத்தை அது. நிலவறையில் கிடந்த மெத்தை ஒரு நாள் காணாமல் போனபோது நான் தேடவும் இல்லை.

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. தகட்டைக் கீழே வைத்துவிட்டு, “அம்மா, நான்தான் சொன்னனான்” என்றாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். “கதவடியில காத்து வருது, கால் விறைக்குது எண்டு அப்பாட்ட சொன்னனான். அடுத்த முறை போகேக்கை குளிரேல்லை.”

அவ்வளவுதான். அழவில்லை. தரையில் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். அவளைக் காரில் ஏற்றவே எனக்கு வெகு நேரம் எடுத்தது.

இப்போது நான் கேட்பது உங்களுக்கு அநியாயமாகத் தெரியும். தெரியட்டும். இதை நான் சட்டத்தரணியிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். சொன்னால் மே மாதம் அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் இது வாசிக்கப்படும். ஏன் மூடினார் என்று கேட்பார்கள். என் பிள்ளையின் பெயர் வரும். தகப்பனைக் கொன்ற சொல் தன்னுடையது என்று அவள் வாழ்நாள் முழுக்கச் சுமப்பாள். உங்கள்மேல் ஏற்கெனவே இருக்கிற பழிதானே, அண்ணை. அது உங்களிடமே இருந்துவிட்டுப் போகட்டும். காலில் விழுந்து கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

றீற்றா


பீலெஃபெல்ட்
11 மார்ச் 2025

றீற்றா,

உங்கள் கடிதத்தைச் சுகன்யா வாசித்துக் காட்டினாள். என் கண் அன்றைக்குச் சரியில்லை. பாதியில் அவள் எழுந்து ஜன்னலடிக்குப் போய்விட்டாள். மிச்சத்தை நானே தட்டுத்தடுமாறி வாசித்தேன்.

இருக்கிற பழிதானே என்று எழுதியிருக்கிறீர்கள். அது எப்படி இருக்கிறது என்று தெரியுமா? சுகன்யா தமிழ்க் கடைக்குப் போனால் வரிசையில் அவளுக்குப் பின்னால் நிற்பவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். என் மகன் கீர்த்தனன் தன் கலியாணத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் யாரையும் கூப்பிடாமல் பதிவு செய்தான். நான் பாஸ்கரனோடு முப்பது வருடம் பழகியவன். அகதி முகாமில் ஒரே அறை. அவனை நான் கொன்றேன் என்று தினமும் காலையில் எழும்போது முதலில் நினைக்கிறேன், பிறகுதான் என் கை நடுங்குவது தெரிகிறது. உங்கள் கையில் அந்த ஸ்பொஞ்சு கிடைத்த நிமிடமே இதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பேரம் பேசிக்கொண்டு எழுதுகிறீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

யதுசாவை நான் தூக்கி வளர்த்தவன். அவள் பெயரை என் வாயால் எந்த நீதிபதிக்கும் சொல்ல மாட்டேன். என் சட்டத்தரணியிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்டதற்கு ஓம் என்று எழுதச் சொல்ல வேண்டாம். அது என்னால் ஏலாது. நீங்கள் செய்வதை நீங்கள் செய்யுங்கள்.

உதயகுமார்


ஹார்பூர்க்
13 ஏப்ரல் 2025

உதய் அண்ணைக்கு,

இதற்குள் உங்கள் சட்டத்தரணி சொல்லியிருப்பார். வழக்கைக் கைவிடுகிறார்கள். மே மாத விசாரணை இல்லை. அது எப்படி நடந்தது என்று நான்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த கிழமையே நான் தனியாகப் படகுக்குப் போனேன். ஸ்பொஞ்சைக் குப்பைப் பையில் கட்டினேன். புதிய கம்பளத்தை விரித்துப் பழைய துண்டுகளை வைத்து வெட்டினேன். நன்றாக வந்தது, அண்ணை. மூலைகள் எல்லாம் பொருந்தின. கதவடிக்கு வந்தபோது கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சுற்றி வெட்டவில்லை. அவர் செய்ததுபோலவே சுவரில் ஏற்றி ஒட்டிவிட்டேன். வலையை யாரும் பார்க்கக்கூடாது என்பது மட்டும்தான் அப்போது என் தலையில் இருந்தது.

சனிக்கிழமை யதுசா வந்தாள். தரையைப் பார்த்தாள். நேராகக் கதவடிக்குப் போய்க் கையால் அழுத்தினாள். “இதை வாங்கிறவங்களும் உள்ள படுப்பினம்தானே அம்மா” என்றாள். என் கையிலிருந்த கத்தியை வாங்கி அந்த இடத்தைக் கீறினாள். போனில் படம் எடுத்தாள். குப்பைப் பையை அவிழ்த்து ஸ்பொஞ்சை எடுத்தாள். இரண்டையும் உங்கள் சட்டத்தரணிக்கு அனுப்பி, தான் தகப்பனிடம் சொன்னதையும் அவளே எழுதியிருக்கிறாள். நிபுணர் ஒருவர் வந்து பார்த்தார். என்னையும் விசாரித்தார்கள். ஏன் மறுபடி மூடினீர்கள் என்று கேட்டார்கள். படகை இப்போது விற்க ஏலாது, பூட்டி முத்திரை வைத்திருக்கிறார்கள்.

அவள் அன்றைக்கே டுசல்டோர்ஃபுக்குப் போய்விட்டாள். நான் அழைத்தால் போனை எடுப்பதில்லை. பிறகு அவளுடைய அறைத்தோழி ஆதிரை எனக்குப் போன் அடித்தாள். யதுசா வகுப்புக்குப் போவதில்லை, சாப்பிடுவதில்லை, கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறாள் என்றாள். இப்போது ஆஸ்பத்திரியில், மனநோய்ப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். நான் இரண்டு தரம் போனேன். வாசலில் தாதி வந்து, மகள் உங்களைப் பார்க்க விரும்பவில்லை, வயது வந்த பிள்ளை, எங்களால் கட்டாயப்படுத்த முடியாது என்றார். உதய் மாமாவைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறாளாம்.

உங்களிடம் எதையும் கேட்கிற முகம் எனக்கு இல்லை. செத்த வீட்டில் எல்லோருக்கும் முன்னால் சொன்னதை எல்லோருக்கும் முன்னால் திருப்பி எடுப்பேன். எங்கே, எப்போது என்று நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் போகாவிட்டாலும் அதைச் செய்வேன். ஆனால் நடக்க முடியுமென்றால் அவளிடம் ஒருமுறை போங்கள்.

றீற்றா


பீலெஃபெல்ட்
25 ஏப்ரல் 2025

அன்புள்ள றீற்றாவுக்கு,

நேற்றுப் போனேன். சுகன்யா ரயிலில் கூட வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிட்டாள். பிள்ளையைப் பார்த்தால் தான் அழுதுவிடுவாள் என்றாள்.

யதுசா மெலிந்துவிட்டாள். உங்களுக்கு அதைச் சொல்லாமல் விட முடியாது. சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள். நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். என் தடி வழுக்கிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்க எனக்கு ஏலாது. அவள் திரும்பிப் பார்த்து, எழும்பி எடுத்துத் தந்தாள். பிறகு மறுபடி படுக்கவில்லை. கட்டிலில் இருந்துகொண்டு கேட்டாள்.

“மாமா, நான் குளிருது எண்டு சொல்லாட்டி அப்பா இருந்திருப்பாரோ?”

வழி முழுக்க நான் யோசித்துக்கொண்டு போனது வேறு பதில். இல்லையம்மா, உனக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்லத்தான் போனேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகு அது வாயில் வரவில்லை. எல்லோரும் அவளுக்கு அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

“இருந்திருப்பான்” என்றேன். “நான் ஹீட்டர் கொண்டு போகாட்டியும் இருந்திருப்பான். நீ குளிருது எண்டுதான் சொன்னனீ, பிள்ளை. மூடச் சொல்லேல்லை. மூடினது அவன். மூடினதை மறந்துபோய் ஓம் எண்டவன். குனிஞ்சு பாக்காமல் கொளுத்தினது நான்.”

பிறகு அப்பாவுக்கு நொந்ததா என்று கேட்டாள். எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு நோகவில்லை, நித்திரை வருவதுபோல இருந்தது, எனக்குத் தெரிந்தது அதுதான் என்றேன். அப்போதுதான் அழுதாள். தாதி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் அவள் தலையில் கை வைத்தேன். அவள் தள்ளிவிடவில்லை.

படகு லைசென்ஸ் பற்றி அவன் சொன்னதைச் சொன்னேன். இனி எந்தப் படகிலும் ஏற மாட்டேன் என்றாள். சரி என்றேன்.

செத்த வீட்டுப் பேச்சைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மண்டபமும் கூட்டமும் வேண்டாம். சுகன்யாவோடு ஒருநாள் அந்தத் தமிழ்க் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு வாருங்கள். அது போதும்.

வெளிக்கிடும்போது, அம்மா ஒவ்வொரு நாளும் உன்னைத்தான் நினைக்கிறா, வரட்டுமா என்று கேட்டேன். தலையாட்டவில்லை. அப்பா தெரியாமல் மூடினார், அம்மா தெரிந்தே மூடினா என்றாள். எவ்வளவு காலத்துக்கு அம்மாவைப் பார்க்க மாட்டாய் என்று கேட்டேன். தெரியாது என்றாள். இதை உங்களிடம் சொல்லச் சொன்னாள். என்னைத் தவிர வேறு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என்னை வருகிற வியாழக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறாள். போவேன். நீங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் நிற்க வேண்டாம், றீற்றா. நேற்று நான் வெளியே வரும்போது வீதிக்கு அந்தப் பக்கம் நீங்கள் நின்றதைக் கண்டேன். நிமிர்ந்து பார்த்தேன், அவளும் ஜன்னலடியில் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உதய்